சிறைக் கதை இரண்டு

கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடி மாதத்தில் கூட்டங்கூட்டமாய்ப் போகும் தோழர்களுக்கு இராவணன் கதை தெரிந்திருக்கும். கைலாசத்தைத் தூக்கினானாம், சிவன் கால் விரலால் அழுத்தினானாம், மலையடியில் நசுங்கிக் கதறியவன் சாமகானம் பாடிப் புகழவே, மனமிரங்கி விடுதலையும் வாளும் தந்தானாம். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு இந்தச் சங்கதிதான். நசுக்கினவனுக்கே கருணைக்கடல் என்று பெயர் வந்தது எப்படி என்று எந்த அடியாராவது கேட்டதுண்டா?

மலையிலே சிறைப்பட்டவன் கதை கிரேக்க தேசத்திலும் உண்டு. ஏஸ்கிலஸ் பெயரால் வழங்கும் பழைய நாடகம் அது. மனிதர்களுக்கு நெருப்பைக் கொடுத்து, எழுத்தும் எண்ணும் வைத்தியமும் கற்பித்த குற்றத்திற்காகப் பிரமீதியஸைச் சியூஸ் என்னும் கடவுள் பாறையில் விலங்கிட்டு அறையச் செய்கிறான். சியூஸின் ஆட்சி கவிழும் இரகசியம் கைதிக்குத் தெரியும். “அதைச் சொல், பணிந்து போ” என்று தூதன் வந்து மிரட்டுகிறான். அவன் சொல்லவுமில்லை, துதிக்கவுமில்லை. இடி விழுந்து பாறையோடு புதைகிறான். நாடகம் முடியும்போதும் அவனுக்கு விடுதலையில்லை. ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. அயோ என்னும் பெண்ணின் வமிசத்தில் பதின்மூன்றாம் தலைமுறையில் பிறப்பவன் தன் விலங்கை உடைப்பான் என்கிறான். சிறை வைத்தவனின் தயவை அவன் எதிர்பார்க்கவில்லை.

“அதுவும் புராணந்தானே?” என்பார்கள் ஆஸ்திகர்கள். ஆம், புராணந்தான். சியூஸும் பொய், சிவனும் பொய். நாம் கேட்பது, எந்தக் கதை மனிதனுக்கு மானத்தைக் கற்பிக்கிறது என்பதே.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இருமுறை சிறை புகுந்தார். அங்கே அவர் யாரைத் துதித்தார்? 1925இல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தது எந்தச் சாமியின் கருணையால்? அடைத்து வைத்தவர்கள் தாமாக மனமிரங்கியா திறந்தார்கள்? போராட்டமல்லவா திறக்க வைத்தது!

கொல்லிமலைத் தோழர்களே! உங்கள் மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை வெட்டியது மனிதன் கை. எந்தச் சாமியின் கால் விரலும் அல்ல. அந்தக் கைக்கு ஜாதி விலங்கையும் தலைவிதி விலங்கையும் உடைக்கத் தெரியாதா? மலையடியில் கிடந்து பாடியது போதும். எழுந்து நில்லுங்கள்!