வண்ணக் களி இருக்கட்டும், வெண்காரம் வேண்டாம்

பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பிள்ளைகளுக்கு 'ஸ்லைம்' ஆசை பிறந்துவிடுகிறது. செய்யட்டும், கையால் பிசைந்து கற்பது நன்றே. ஆனால் பசையை இறுக்க வெண்காரம், அதாவது போரேக்ஸ், கரைத்து ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. பிசுபிசுப்பான விளையாட்டுப் பொருளிலிருந்து வெளிப்படும் போரானுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என வரம்பிட்டுள்ளது. வீட்டுக் கரண்டிக்கு ஏது வரம்பு? அதுவும் விரல் சூப்பும் தம்பி அருகில் அமர்ந்திருக்கையில்?

சோளமாவு இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு போதும். மெல்லத் தொட்டால் ஒழுகும், குத்தினால் இறுகும். நாசி கெராபுக்கு நிறமூட்டும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. மஞ்சள் சுண்ணாம்பால் சிவப்பதை ஆரத்தித் தட்டில் கண்ட பிள்ளைக்கு இந்த அறிவியலை விளக்குவது எளிது. மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.