எழுதினவர் போயாச்சு... கோடு மட்டும் இருக்கு! புரிய வைக்குமா ஏஐ?

புது புராஜெக்ட். லட்சக்கணக்கான வரிகளில் கோடு. அதை எழுதியவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கையில் இருப்பது சில நாள் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஐடி ஊழியர்கள் சொல்லும் 'கேடி' மட்டும்தான். சென்னை ஓஎம்ஆரில் மெயின்டனன்ஸ் புராஜெக்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. இப்போது "ஏஐ-கிட்ட கேளு, அது சொல்லிடும்" என்கிறார்கள். உண்மையிலேயே சொல்லுமா? சொன்னால் நம்பலாமா? பார்ப்போம்.

பிரச்னை எவ்வளவு பெருசு?

2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுக் குவிந்தனர். அந்த விண்ணப்பங்களைக் கையாண்ட பழைய கம்ப்யூட்டர்கள் ஓடியது கோபால் என்ற மொழியில். 1959-ல் உருவாக்கத் தொடங்கிய மொழி அது. "கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்" என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்கும் நிலை வந்தது. மெஷின் இருந்தது, கோடும் இருந்தது. புரிந்தவர்கள்தான் போதுமான அளவு இல்லை.

டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-லேயே இதைச் சொல்லிவிட்டார். புரோகிராம் என்பது வெறும் வரிகள் அல்ல, அதை உருவாக்கியவர்களின் மனதில் இருக்கும் புரிதல்தான் என்பது அவர் வாதம். அந்தக் குழு கலைந்தால் புரிதலும் போய்விடும்.

ஏஐ என்ன செய்கிறது?

கிட்ஹப் கோபைலட், கர்சர், கிளாட் கோடு போன்ற டூல்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் தேடி, தொடர்புள்ள ஃபைல்களைப் படித்து, "பணம் கட்டும் வேலை இங்கே ஆரம்பித்து, இந்த வழியாகப் போய், இங்கே முடிகிறது" என்று சாதாரண மொழியில் சொல்கின்றன. ஆள் உட்கார்ந்து தேடினால் நாள் கணக்கில் ஆகும் வேலை இது.

மோர்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் 2025-ல் இதற்கென்றே சொந்தமாக ஒரு ஏஐ டூலைக் கொண்டுவந்தது. பழைய மொழிகளில் இருக்கும் கோடை எளிய ஆங்கில விளக்கமாக மாற்றித் தருவதே அதன் வேலை. புது மொழியில் திரும்ப எழுதுவது பிறகு ஊழியர்கள் பொறுப்பு. இதன் மூலம் சுமார் 90 லட்சம் வரிகள் அலசப்பட்டு, 2.8 லட்சம் மணி நேரம் மிச்சமானதாக அந்த நிறுவனம் கூறியது.

எங்கே சறுக்குது?

ஒரு உதாரணம். பேங்க் கோடில் 'குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கம் என்றால் பான் எண் கேள்' என்று ஒரு வரி இருக்கிறது. இது வருமான வரி விதி, ஏஐ சரியாகச் சொல்லிவிடும். அதற்கு அடுத்த வரியில் 'கிளை எண் 17-ஐ விட்டுவிடு' என்று இருந்தால்? அந்தக் கிளையில் என்றோ நடந்த ஒரு சிக்கலுக்காக யாரோ போட்ட வரியாக இருக்கலாம். காரணம் கோடில் இல்லை. பழைய மெயிலிலோ, ரிட்டயர் ஆனவர் நினைவிலோதான் இருக்கும். அங்கே ஏஐ ஒரு காரணத்தை ஊகித்து, அதே உறுதியான குரலில் சொல்லிவிடும் அபாயம் உண்டு. அதை நம்பி அந்த வரியை நீக்கினால், அடிபடுவது வாடிக்கையாளரின் கணக்கு.

நேரம் மிச்சமாகுதா?

மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் அனுபவமுள்ள 16 டெவலப்பர்களுக்கு 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ பயன்படுத்தியபோது வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் பல வருஷமாகத் தங்களுக்குப் பழகிய கோடில் வேலை செய்தவர்கள். தெரியாத கோடுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே ஏஐ அதிகம் உதவவும் கூடும். ஆனால் 'வேகமா முடிச்ச மாதிரி இருக்கு' என்ற உணர்வை மட்டும் நம்பக் கூடாது என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

அப்போ எப்படிப் பயன்படுத்துறது?

* "இது எங்கே நடக்குது?" என்று முதலில் கேளுங்கள். பதிலோடு ஃபைல் பெயரும் வரி எண்ணும் கேட்டு வாங்கி, நீங்களே திறந்து பாருங்கள்.

* "ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு கிட் ஹிஸ்டரியைப் பாருங்கள். யார், எப்போது, என்ன குறிப்போடு மாற்றினார் என்பது அதில் இருக்கும். பழைய ஆள் கிடைத்தால் ஒரு போன் போடுவதில் தப்பே இல்லை.

* ஏஐ சொன்னதை டெஸ்ட் ஓட்டிச் சரிபாருங்கள். டெஸ்டே இல்லை என்றால், எதையும் மாற்றுவதற்கு முன் அதை எழுதுங்கள்.

* கம்பெனி அனுமதிக்காத டூலில் கோடைப் போடாதீர்கள். 2023-ல் ஊழியர்கள் ரகசிய கோடை சாட்ஜிபிடியில் போட்டது தெரியவந்த பிறகு, சாம்சங் அத்தகைய டூல்களுக்குத் தடை போட்டது.

* புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் எழுதி வையுங்கள். நாளைக்கு நீங்களும் வேறு வேலைக்குப் போகலாம். அடுத்து வருபவருக்கு அந்தக் குறிப்புதான் கேடி!