எங்களை யாரும் தடுக்கவில்லை

2023 ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் வெறும் ‘மரபு’ ஆகிவிட்டது. கொரோனா காலத்தில் சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்த பகுதி, புதிய அச்சிலும் திரும்பி வரவில்லை. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1800 பேருக்கு மேல் கையெழுத்திட்டு, அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் அறிவியல் எடுத்தவர்கள் நாங்கள் சிலர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், அதைப் படித்துக் கொதித்தோம்.

கோபம் நியாயமானதுதான். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். பதினொன்றில் வணிகவியலோ கணினியோ எடுக்கிற பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பை விட்டால் டார்வினைப் பற்றிக் கேட்க வேறு வகுப்பே இல்லை.

ஆனால் அன்று பேசிக்கொண்டிருந்தபோது, இன்னும் பணியில் இருக்கும் ஒரு டீச்சர் கேட்டார்: “நம்ம புக்ல அந்தப் பாடம் அப்படியேதான் இருக்கு சார். நாம அதை நடத்தினோமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. இதை எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. அதை நடத்தாதே என்று ஒரு அதிகாரியும் எங்களிடம் சொன்னதில்லை. எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து சண்டை போட்டதில்லை. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர், மனிதனின் பரிணாமத்தைக் கற்பித்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார். 100 டாலர் அபராதம் விதித்தார்கள். எங்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இலிருந்து நம் அரசியல் சட்டமே சொல்கிறது. இவ்வளவு இடம் இருந்தும் நாங்கள் அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

அந்த அத்தியாயம் புத்தகத்தில் பின்னால் வரும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் தொடங்க வேண்டும். இரண்டு பீரியடில் முடித்தோம். புக் பேக் வினாக்களுக்கு விடை குறிக்கச் சொன்னோம். லாமார்க் என்றால் உறுப்புகளின் பயன்பாடு, டார்வின் என்றால் இயற்கைத் தேர்வு, ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றால் இணைப்பு உயிரி என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தயாரித்த குறைந்தபட்சக் கையேட்டில் அந்தப் பாடத்துக்கு அரைப் பக்கம்கூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். உயிர்கள் ஏன் மாறுகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தோம். கூனிய குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் சார்ட்டை வகுப்பில் மாட்டினோம். அதைப் பார்த்த பிள்ளைகளில் ஒருவராவது வருடம் தவறாமல் கேட்பார்: “அப்ப இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் சார் மனுசனா மாறல?” அருமையான கேள்வி. “அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றோம். எங்களில் சிலர், “புத்தகத்துல இருக்கறத எழுது, நீ எதை நம்பணுமோ நம்பிக்க” என்றோம். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம். ஒரு பிள்ளை உண்மையைத் தெரிந்துகொள்ள நின்ற இடத்தில், நாங்கள் அதைத் தனியே விட்டுவிட்டு நகர்ந்தோம்.

பதில் ஒரு வரிதான். குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. வெகு காலத்துக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகளில் ஒன்று நாம், இன்னொன்று அது. பங்காளி வீட்டுப் பிள்ளை ஏன் நம் வீட்டுப் பிள்ளையாக மாறவில்லை என்று யாராவது கேட்பார்களா? எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பங்காளி என்றால் என்னவென்று தெரியாதவர் கிடையாது. அந்தச் சொல் எங்கள் வாயில் இருந்தது, எங்களுக்குத்தான் அதை எடுக்கத் தோன்றவில்லை.

2018 ஜனவரியில் ஒரு மத்திய இணையமைச்சர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு, பள்ளிப் பாடத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுத்தன. நாங்களும் பணியாளர் அறையில் ஆத்திரப்பட்டோம். அவர் சொன்னதற்குள் இருந்தது எங்கள் வகுப்பில் வருடா வருடம் பதிலில்லாமல் போன அதே கேள்வி என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. எங்களிடம் படித்து வெளியே போன ஆயிரக்கணக்கானவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அதில் என்ன தவறு என்று சொல்ல அவர்களுக்கு நாங்கள் எதையும் கொடுத்து அனுப்பவில்லை.

பருத்தியை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு மிகவும் கனக்கிறது. பெரம்பலூர் மானாவாரிப் பருத்திச் சீமை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பருத்தி எடுத்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்திருப்பார்கள். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. செடியே காய்ப்புழுவுக்கு நஞ்சு. அப்போது விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனிப் பொட்டலமாக வந்தது. வயலின் ஓரத்தில் அதை விதைக்க வேண்டியிருந்தது. நஞ்சுக்குத் தாக்குப்பிடித்த ஒன்றிரண்டு புழுக்கள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கினால் தாக்குப்பிடிக்கும் குணம் அடுத்த தலைமுறையில் பரவிவிடும். ஓரத்துச் சாதாரணச் செடியில் பிழைத்த புழுக்களோடு அவை கலந்தால் அந்தக் குணம் பரவுவது தள்ளிப்போகும். அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது முழுக்க முழுக்க டார்வின். காரணம் தெரியாததால் அதைப் பலர் விதைக்கவில்லை. ஓரத்துச் செடியைப் புழு தின்னும், அது நஷ்டம் என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாக்குப்பிடிக்கத் தொடங்கியது. அதன்பின் இரண்டு மரபணு வைத்த விதையையும் அது வென்றது. “மருந்து புழுவுக்குப் பழகிருச்சு” என்று எங்கள் ஊர் விவசாயிகள் சொன்னார்கள். எந்தப் புழுவும் பழகவில்லை. தாங்காதவை செத்தன, ஏற்கெனவே தாங்கும் தன்மையோடு பிறந்தவை மிஞ்சிப் பெருகின. இந்த வேறுபாடுதான் நாங்கள் நடத்தியிருக்க வேண்டிய பாடம். அப்பாவுக்கு அதை வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடிய பிள்ளை எங்கள் முன் பெஞ்சிலேயே இருந்தது. நாங்களோ இயற்கைத் தேர்வுக்கு உதாரணமாக இங்கிலாந்தின் அந்துப்பூச்சியைப் பற்றி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கதிர் அரிவாள் செல் சோகையையும் அப்படித்தான் நடத்தினோம். மரபுப் பாடத்தில் அது ஒரு மதிப்பெண் வினா. இந்தியாவில் அந்த மரபுக்கூறு முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்த மரபணுவின் ஒற்றைப் பிரதி மலேரியாவிலிருந்து காப்பதால்தான் அது தலைமுறைகளாக நீடித்தது. ஒரு நோயும் ஒரு மலையும் ஒரு கொசுவும் சேர்ந்து சொல்லும் கதையை நாங்கள் கோடிட்ட இடமாக மாற்றினோம்.

ஏன் இப்படி ஆனது? எங்களுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. பி.எஸ்சி.யிலும் பி.எட்.டிலும் நாங்களும் மனப்பாடம் செய்துதான் வந்தோம். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, பரீட்சையைக் காட்டிக் கேள்வியை அடக்கினோம். முப்பது வருட வேலையில் படித்துத் தெரிந்துகொள்ள நேரம் இல்லாமலா போயிற்று? சம்பளக் கமிஷன் அறிக்கையை வரி விடாமல் படித்திருக்கிறோம்.

இன்னொன்றை நான் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமி ஒரு காலத்தில் கடல். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கிறது. பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம்தான். ஒரு தடவைகூட நான் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகவில்லை. ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, சுரங்கத்தில் வேலை செய்யும் அப்பா கொண்டுவந்தது என்று கையளவு கல்லைக் கொடுத்தாள். சுருள் சுருளாக, வரி வரியாக இருந்தது. “இது நத்தையா சார்?” என்றாள். ஆமாம் என்று சொல்லி மேசையில் வைத்தேன். மின்விசிறிக் காற்றில் வருகைப் பதிவேடு பறக்காமல் அது வெகு காலம் காத்தது. நான் மாறுதலாகி வந்தபோது அங்கேயே இருந்தது.

அம்மா, அது நத்தை இல்லை. அதன் பெயர் அம்மோனைட். நத்தைக்குத் தூரத்துப் பங்காளி. இன்றைக்குக் கடலூர் மீன் மார்க்கெட்டில் விற்கிற கணவாய்க்குக் கிட்டத்துப் பங்காளி. நீ குடியிருந்த தெருவுக்குக் கீழே கடல் இருந்த காலத்தில் அது நீந்திக்கொண்டிருந்தது. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் இனமே இல்லாமல் போயிற்று. நீ கொண்டுவந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.