"வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் அல்ல

முழங்கால் வலிக்கிறது என்று நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்." மகன் சொல்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில டாக்டர்களும் சீட்டு எழுதிக்கொண்டே சொல்கிறார்கள். இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். வயது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி வாயை அடைப்பது வைத்தியம் ஆகாது.

ஆரணியில் பட்டுத்தறி இருக்கும் தெருக்களைப் பாருங்கள். குழித்தறியில் உட்கார்ந்தவர் நாள் முழுவதும் காலால் மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழியில் இறங்கவும் ஏறவும் முழங்கால்தான் தாங்க வேண்டும். பெண்கள் தரையில் உட்கார்ந்து தார் சுற்றி, எழுந்து, மறுபடி குனிந்து வீட்டு வேலை பார்க்கிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வகுப்பில் "அ ழெனூ!" என்று அதட்டினால் மண்டியிட வேண்டும். அந்தத் தண்டனை மணி அடித்ததும் முடிந்துவிடும். இவர்களுக்கு எந்த மணி அடிக்கிறது? நாற்பது வயதில் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவரிடமும் "வயசு" என்றா சொல்வது?

வலிக்குக் காரணம் பல. அதிகம் காண்பது மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. படி ஏறினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். வயதோடு உடல் எடை, பழைய அடி, பரம்பரை, ஓயாமல் குந்தி எழும் வேலை எல்லாம் இதற்குக் காரணங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது.

முடக்குவாதம் வேறு. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு பிடித்துக்கொள்ளும். கைவிரல் மூட்டுகளும் வீங்கும். இது நடுவயதிலேயே வரும். சீக்கிரம் கண்டுபிடித்து உரிய மாத்திரை கொடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம். "வயசு" என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

யூரிக் அமிலம் கூடி வரும் கவுட், முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவச் சவ்வு கிழிந்து கால் பூட்டிக்கொள்வது, இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது என்று இன்னும் உண்டு. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். முழங்கால் திடீரென்று சிவந்து, சுட்டு, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனையும் ஒரே "வயசு"க்குள் அடங்குமா?

காரணம் பார்க்காமல் வைத்தியம் நடப்பதுதான் அடுத்த கொடுமை. சீட்டே இல்லாமல் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதய நோயாளிக்கு ஆபத்து. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "மூலிகைப் பொடி" இரண்டே நாளில் வலியைப் போக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

துளை போட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சையின் கதையைக் கேளுங்கள். 2002-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர டாக்டர்கள் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்குத் தோலைக் கீறித் தைத்தது மட்டும். இரண்டு வருடம் கவனித்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வெறும் தேய்மானத்துக்கு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், "எதற்கு?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பலன் தருவது எது? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, தினமும். எடை அதிகம் இருந்தால் குறைக்க வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். இதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதனால்தான் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி அல்ல. மூட்டு முழுக்கத் தேய்ந்து, தூக்கமும் நடையும் போனவருக்கு மூட்டு மாற்றுவது பெரிய வரம். பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000-லும் 2001-லும் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண வகை மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. அதுவரை நம் தலையில் எவ்வளவு கட்டினார்கள் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம். ஆனால் அது கடைசிப் படி. முதல் படியையே காட்டாமல் கடைசிப் படிக்கு இழுக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. நடக்க முடியாமல் கிடக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்காமல் எந்த ஃபைலும் நகராது. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் போனஸ் கேட்பதுபோல, தறித் தெருக்களுக்கு மாதம் ஒரு முறை இயன்முறை வைத்தியர் வர வேண்டும் என்று கேட்கட்டும். குழியில் இறங்கி ஏறப் பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கைப்பிடி அடிக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

இனி யாராவது உங்களிடம் "வயசாயிடுச்சு" என்றால், "அது எனக்குத் தெரியும், வலிக்குக் காரணம் என்ன, அதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.