பனிமலைக்கு முன் ஒரு கணக்கு

கடந்த மார்கழியில் ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை. மனைவி இரண்டு வீடுகளில் கிழமைக்கு ஐந்து ஐந்து மணித்தியாலமாகத் துப்புரவு வேலை செய்கிறார். வந்தது வரி நிலுவை பற்றிப் பேச. பேச்சு முடிந்து எழும்பும் நேரத்தில் அந்த அம்மா கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். மகளின் ஆறாம் வகுப்பு ஸ்கீ முகாம் பற்றிப் பாடசாலை அனுப்பிய அறிவித்தல். ஐந்து நாள், பெற்றோர் பங்கு 80 பிராங். அதன் கீழே ஒரு நீண்ட பட்டியல்: ஸ்கீ, ஸ்கீச் சப்பாத்து, தலைக்கவசம், பனிக் கண்ணாடி, நீர் புகாத காற்சட்டை, கையுறை இரண்டு சோடி.

“80 பிராங் பிரச்சினை இல்லை அண்ணா. இந்தப் பட்டியல்தான்…” என்றார். கடையில் விலை பார்த்திருக்கிறார்கள். எல்லாம் புதிதாக வாங்கினால் 700 பிராங்கைத் தாண்டுகிறது. “அந்தக் கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு எழுதிக் குடுப்பம் எண்டு இவர் சொல்லுறார்.”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மலையூர் விடுதி ஒன்றின் சமையலறையில் ஏழு குளிர்காலம் கோப்பை கழுவியவர் அவர். யன்னலுக்கு வெளியே பனியில் சறுக்கும் குடும்பங்களைப் பார்த்தபடியே அந்த ஏழு வருடமும் போயிருக்கிறது. அந்த மலையில் தன் பிள்ளைக்கும் இடமுண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குடும்ப வரவுசெலவு ஆலோசகராக இந்த நாட்டில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். சுவிஸ் தமிழர் பலருக்குப் பனிச்சறுக்கு எட்டாக் கனியாக இருப்பதற்குக் காசு பாதிக் காரணம். எந்தச் செலவை முதலில் தீர்மானிப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று சொல்லித்தர ஆளில்லாதது மறுபாதி. இந்த மறுபாதியை நாங்களே சரிசெய்யலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்பாட்டால் வளர்ந்த விளையாட்டு

சுவிஸ்காரர் எல்லோரும் ஸ்கீயோடு பிறந்தவர்கள் என்றொரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. உண்மையில் இன்று இந்த நாட்டில் ஸ்கீயில் சறுக்குபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். அந்த மூன்றில் ஒருவரும் பணத்தால் மட்டும் உருவானவர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்கக் குளிர்காலத்தில் பாடசாலைகளைச் சில நாள் மூடினார்கள். இன்றைய பெப்ரவரி விளையாட்டு விடுமுறையின் வேர் அங்கே இருக்கிறது. வீட்டில் இருந்த பிள்ளைகளுக்காக ஸ்கீ முகாம்கள் எழுந்தன. 1941இல் தொடங்கிய ‘யூஸ்கிலா’ என்ற தேசிய இளையோர் முகாமுக்கு இன்றும் நாடு முழுவதிலுமிருந்து 600 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிகிறார்கள். 1972இல் வந்த ‘இளையோரும் விளையாட்டும்’ திட்டத்தின் வழியாக இத்தகைய முகாம்களுக்கு அரசின் உதவிப் பணம் போகிறது.

அந்தத் தாளில் இருந்த 80 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 2017 டிசம்பரில் சுவிஸ் சமஷ்டி நீதிமன்றம், துர்காவ் மாநிலத்து வழக்கொன்றில், கட்டாயக் கல்வி இலவசமாகவே இருக்க வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. கட்டாயமான பாடசாலை முகாமுக்குப் பெற்றோரிடம் வாங்கக்கூடியது, பிள்ளை வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவு மட்டுமே. பிள்ளையின் வயதைப் பொறுத்து அது நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங். ஐந்து நாளுக்குக் கூடியது 80. அது பாடசாலை காட்டும் இரக்கம் அல்ல, பிள்ளையின் உரிமை. விடுமுறையில் நடக்கும், விரும்பியவர் சேரும் முகாம்களுக்கு இந்த வரம்பு இல்லை. ஆகவே தாள் கையில் வந்ததும் “இது கட்டாயமா, விருப்பமா?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “பாடசாலையில் இரவல் கொடுக்கும் பொருட்கள் இருக்கின்றனவா?” என்பது இரண்டாவது கேள்வி. காய்ச்சல் என்று எழுதுவதைவிட இந்த இரண்டு கேள்வியும் சுலபம்.

முதலில் காப்புறுதி, அடுத்து ஆசிரியர்

குடும்பமாகவே முதல் தடவை போவதென்றால் கணக்கைக் காப்புறுதியில் தொடங்க வேண்டும் என்பேன். புதிதாகக் காசு கட்டாமல், கையில் உள்ள பத்திரங்களை வாசிப்பதே போதும். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியான காப்புறுதி உண்டு. அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். மொத்தம் பத்து மணித்தியாலம் வேலை செய்கிறார், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்துதான். இரண்டு வீட்டையும் சேர்த்து எண்ண முடியாது. எனவே அவருடைய மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். துப்புரவு வேலையை இரண்டு மூன்று இடங்களில் பிரித்துச் செய்யும் எங்கள் பெண்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பனிக்குப் போகாவிட்டாலும் இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மீட்பு. மலையில் உலங்கு வானூர்தி வந்து தூக்க நேர்ந்தால் செலவு சில ஆயிரம் பிராங் ஆகலாம். அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரைதான் ஏற்கும். வான்வழி மீட்பு அமைப்பான றேகாவில் ஒரு குடும்பம் வருடம் 80 பிராங் கட்டி ஆதரவாளராகச் சேர்ந்தால், காப்புறுதி ஏற்காத செலவை றேகா தள்ளுபடி செய்ய முடியும். நாங்கள் மோதி இன்னொருவர் காயப்பட்டால் கைகொடுப்பது தனியார் பொறுப்புக் காப்புறுதி. வாடகை வீட்டுக்காக அதை எடுத்து வைத்திருப்பவர்கள் பலர். அது பனிமலையிலும் பயன்படும் என்று தெரிந்தவர்கள் சிலர்.

காப்புறுதிக்கு அடுத்த வரியில் ஆசிரியரை எழுதுங்கள். முதல் பயணத்தில் பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இது. எனக்கும் இதே பிழை நடந்தது. பதினைந்து வருடத்துக்கு முன், பேர் பெற்ற ஒரு மலைக்குப் பிள்ளைகளோடு போனேன். நாலு பேருக்கும் முழு நாள் சீட்டு, புது உடுப்பு, இரண்டு இரவு விடுதி. பயிற்சிக்குக் காசு மிஞ்சவில்லை. பத்து மணிக்கு மேலே ஏறினோம். பதினொன்றுக்கு மகன் சரிவின் நடுவில் உட்கார்ந்து அழுதான். அவன் ஸ்கீயை என் தோளில் சுமந்து, கையைப் பிடித்துக் கீழே நடத்திக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் பனியைத் தொடவில்லை.

பழகாதவருக்கு மலை தேவையில்லை. முதல் நாள் தேவைப்படுவது, எங்கள் ஊர்க் கோயில் வீதியளவு நீளமான, மெல்லச் சரியும் ஓர் இடம். அங்கே தரையோடு நகரும் ஒரு பட்டி இருக்கும். ‘மந்திரக் கம்பளம்’ என்று அதற்குப் பேர். பிள்ளை அதில் ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். ஆசிரியர் முன்னால் பின்பக்கமாகச் சறுக்கியபடி, ஸ்கீ முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகலமாக விரிக்கச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளிடம் ‘பீட்சாத் துண்டு’ என்பார்கள். அந்த வடிவம் வந்தால் வேகம் அடங்கும். நிற்கத் தெரிந்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். இதைப் பழக இரண்டு மூன்று அரை நாள் போகும். அதுவரை பெரிய மலையின் நாள் சீட்டு வீண் செலவு. பேர் பெற்ற மலைகளில் பெரியவர் ஒருவரின் நாள் சீட்டு இப்போது 80 பிராங்கைத் தாண்டுகிறது. அந்தக் காசில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஒரு பிள்ளையின் குழுப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிடலாம்.

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்

பிள்ளையின் கால் ஒரு வருடத்தில் ஒன்றிரண்டு அளவு வளரும். ஆகவே சப்பாத்தையும் ஸ்கீயையும் பருவம் முழுவதற்குமாக வாடகைக்கு எடுங்கள். கடைக்காரர் எடை, உயரம், வயது, பழக்கம், சப்பாத்தின் அடி நீளம் எல்லாவற்றையும் கேட்பார். சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டை அந்தக் கணக்கில்தான் இறுக்குவார்கள். விழும்போது பூட்டு கழன்றால்தான் முழங்கால் தப்பும். எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு ஊர் நடக்கும் பாவித்த பொருட் சந்தையில் ஸ்கீ வாங்கினாலும், பூட்டைக் கடையில் கொடுத்துச் சரிபார்த்த பிறகே பாவியுங்கள். உடுப்பைச் சந்தையிலோ, பாவித்த பொருள் விற்கும் புறோக்கிக் கடையிலோ வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும், எங்கே எப்படி அடிபட்டது என்று தெரியாமல், பாவித்ததாக வாங்காதீர்கள். ஸ்னோபோர்டில் தொடங்கும் பிள்ளைக்கு மணிக்கட்டுக் காப்பும் வேண்டும். அதில் புதியவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள்.

பெற்றோர் இருவர், ஒன்பதும் பதினொன்றும் வயதான இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் போட்டுக் கொடுக்கும் மாதிரிக் கணக்கு இது. மலைக்கு மலை, கடைக்குக் கடை தொகை மாறும். பிள்ளைகளின் பருவ வாடகை 300 பிராங். ஐந்து அரை நாள் குழுப் பயிற்சி, இருவருக்கும் 440. பழகும் சரிவுக்கான சீட்டு 150. வீட்டிலிருந்து ஐந்து நாள் போய்வரப் பயணம் 250. பாவித்த உடுப்பும் கையுறையும் 120. றேகா 80. சுடுபானம் முதலிய சில்லறை 60. கைக்காவல் 100. மொத்தம் 1,500 பிராங். முதல் வருடம் பெற்றோர் சறுக்கவில்லை, கரையில் நின்று பார்க்கிறார்கள்.

இதே குடும்பம் பெரிய மலையில் ஒரு கிழமை வீடெடுத்தால், வாடகை 1,800 என்றும் நாலு பேரின் ஐந்து நாள் சீட்டு 1,200 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னரே 3,000 பிராங். அதில் ஆசிரியருக்கு ஒரு சதம்கூட இல்லை.

வீட்டிலிருந்து போய்வருவதில் இன்னொரு நன்மை உண்டு. 1,500 மீற்றருக்குக் கீழே உள்ள மலைகளில் இப்போது பனி நிச்சயமில்லை. சுவிஸ் சரிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இயந்திரம் வைத்துத்தான் பனி தூவுகிறார்கள். முன்கூட்டி வாங்கினால் மலிவு என்ற சீட்டுகள் பனி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் காசைத் திருப்பித் தருவதில்லை. வியாழக்கிழமை வானிலையைப் பார்த்துச் சனிக்கிழமை புறப்படுபவருக்கு அந்த இழப்பு இல்லை.

சாப்பாட்டை மலையில் வாங்காதீர்கள். மேலே ஒரு தட்டு நூடில்சுக்கு 20 பிராங்குக்கு மேல் கேட்பார்கள். எங்கள் வீட்டு றோல்சும் கட்லட்டும் குளிரில் எந்தச் சாப்பாட்டுக்கும் குறைந்தவை அல்ல. ஒரு குடுவை இஞ்சித் தேநீரும் கூட இருந்தால் பிள்ளைகள் இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்குவார்கள்.

1,500 பிராங் சிறு தொகை அல்ல என்பது எனக்குத் தெரியும். இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம், அட்டையில் தவணை போட வேண்டாம். பங்குனியில் தொடங்கி மாதம் 125 பிராங்காகத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் மாசியில் முழுத் தொகை கையில் இருக்கும். மாதந்தவறாமல் சீட்டுக் கட்டிய எங்களுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. அதற்கும் இயலாத வீடுகளுக்கு வழி இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காரித்தாஸ் கொடுக்கும் ‘கல்ச்சர்லெகி’ அட்டைக்குப் பல இடங்களில் கட்டணக் கழிவு உண்டு. றேகா என்ற பேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ‘றெக்கா’ என்றொரு விடுமுறை நிறுவனம் இருக்கிறது. அதன் அறக்கட்டளை இத்தகைய குடும்பங்களுக்குச் சிறு பங்களிப்பில் ஒரு கிழமை தங்கும் வசதி தருகிறது. விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டாம். இவை எங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டவை.

எங்கள் மண்டபத்திலும் ஒரு சந்தை

இந்த நாட்டில் எங்கள் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில் சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் எத்தனையோ விழாக்களை ஒழுங்காக நடத்துகின்றன. அவற்றிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும், மண்டபத்தில் இரண்டு மேசையைப் போடுங்கள். பிள்ளைக்குச் சிறிதாகிப்போன பனிக் காற்சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவையானவர் எடுத்துக்கொண்டு போகட்டும். தையில் ஒரு பேருந்து பிடித்துப் பக்கத்துச் சிறு மலைக்குப் போங்கள். குழுவாகக் கேட்டால் பயிற்சிப் பள்ளிகளும் விலை குறைக்கும். போர்க்காலத்தில் இந்த நாடு தன் பிள்ளைகளுக்குச் செய்த ஏற்பாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யக்கூடாதா?

அந்தத் தம்பதியின் பட்டியலை அன்று என் மேசையிலேயே 190 பிராங்கில் முடித்தோம். ஸ்கீயும் சப்பாத்தும் தலைக்கவசமும் பருவ வாடகைக்கு. கண்ணாடி பாடசாலை இரவல். கையுறை இரண்டு சோடி மலிவுக் கடையில். நீலக் காற்சட்டை ஒன்றை என் மனைவியின் சிநேகிதி கொடுத்தார், அவருடைய மகளுக்கு அது கட்டையாகியிருந்தது. முகாம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அப்பா வரித் தாள்களோடு மறுபடி வந்தார். கூடவே ஒரு பை. தோய்த்து மடித்த அந்த நீலக் காற்சட்டை. “அவளுக்கு இனி அடுத்த அளவு வேணும். இதை ஆருக்காவது குடுங்கோ அண்ணை,” என்றார். அது இப்போது என் அலுவலக அலுமாரியில் இருக்கிறது. முதல் மேசை போடப்படும் மண்டபத்துக்கு அதை நானே கொண்டுவருகிறேன்.

(கட்டுரையாளர் சுவிற்சர்லாந்தில் குடும்ப வரவுசெலவு, கடன் ஆலோசகர்.)