பெண்ணுக்கு என்ன உத்தியோகம்?

எதிர் வீட்டு மாமிக்கு ஒரு பெரிய சந்தேகம்.

"என் சின்னவள் ஏதோ ப்ரோகிராம் மானேஜராம். நாள் பூராவும் போனில் பேசுகிறாள். நோட்டில் குறித்துக் கொள்கிறாள். 'கம்ப்யூட்டரில் நீ என்னடி எழுதுகிறாய்?' என்றால், 'நான் எழுதவில்லை அம்மா' என்கிறாள். பின்னே சம்பளம் எதற்கு?"

"மாமி, உங்கள் மூத்தவள் கல்யாணத்தில் உங்கள் ஓர்ப்படி சமைத்தாரா? பந்தல் போட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனால், அவள் இல்லாவிட்டால் கல்யாணமே நடந்திராது! சம்பந்தி வீட்டில் ஐம்பது பேர் கூடுதல் என்றதும், அரிசி மட்டுமா பார்த்தாள்? படுக்க இடம், வண்டி, தாம்பூலப் பை எல்லாம் அல்லவா பார்த்தாள்!"

அதேதான், சகோதரிகளே! ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒன்றில் செய்யும் மாறுதல் மற்றதை எங்கே இடிக்கும் என்று கவனிப்பவர்தான் ப்ரோகிராம் மானேஜர்.

1967 ஜனவரியில் அமெரிக்காவில் அப்போலோ விண்கலத்தைத் தரையில் சோதித்தபோது தீப்பற்றி, மூன்று விண்வெளி வீரர்கள் மாண்டனர். அதன்பின் அந்த விண்கலத் திட்டத்தின் மானேஜராக வந்தவர் ஜார்ஜ் லோ. சிறியதோ பெரியதோ, எந்த மாறுதலும் தம் குழுவின் முன் வந்தாக வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். ஒருவருக்கு நல்லதாகப் படும் திருத்தம், இன்னொருவருக்குக் கூடுதல் எடையாகவோ தாமதமாகவோ முடியலாம் அல்லவா? இரண்டு ஆண்டுகளில் 90 கூட்டங்கள், 1,697 மாறுதல்கள் பரிசீலனை, ஏற்றவை 1,341. மற்றவற்றுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவும் வேண்டியிருந்தது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான்.

லோவுக்கு அதிகாரம் இருந்தது. மாமியின் பெண் போன்ற பலருக்கு அதுவும் கிடையாது. வேலை செய்பவர்கள் வேறொருவருக்குக் கீழே இருப்பார்கள். இவள் உத்தரவு போட முடியாது, பேசித்தான் இணங்க வைக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால், 'தானே நடந்தது' என்பார்கள். ஒன்று தவறினாலோ, முதல் கேள்வி இவளுக்குத்தான்!

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாவம், அவள் போனில் பேசும்போதெல்லாம் நான் மிக்ஸியைப் போட்டுக்கொண்டிருந்தேனே!" என்றாள்.

இன்று காலை எதிர் வீட்டில் மிக்ஸிச் சத்தம் கேட்கவில்லை. பெண்ணுக்குக் காப்பி மட்டும் அறைக்கே போயிற்றாம்.