குளிர்வித்தால் போதுமா?

பொறியியல் பயிலும் நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றி வருகிறது. மேல்நாட்டில் பெருவிலைக்கு விற்கும் மருத்துவக் கருவியை இங்கே குறைந்த செலவில் செய்துவிட்டால் நாட்டுத் தொண்டு நிறைவேறியது என்று கருதுகிறோம். சிக்கனம் நல்லதே, ஆனால் அது பாதி வேலைதான் என்பது என் துணிபு. குருதியைக் குளிர்விக்கும் கருவியே இதற்குச் சான்று.

நின்றுபோன இதயம் மீண்டும் இயங்கத் தொடங்கிய பின்னும் மூளை கெடுவதுண்டு. உடலின் வெப்பநிலையைச் சில டிகிரி தாழ்த்தினால் மூளையின் ஆக்சிஜன் தேவை குறையும், கேடும் குறையக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவரை 37 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1000 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 3 கிலோ பனிக்கட்டி உருகும்போது அவ்வளவு வெப்பத்தை ஏற்றுவிடும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உடல் இசைவதில்லை. குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். நடுக்கம் எடுத்துப் புதிய வெப்பமும் பிறக்கும். ஆகவே பொறியாளர்கள் குருதியையே நாடினர். தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைப் பெருஞ்சிரைக்குள் செலுத்தி, அதிலுள்ள சிறு பைகளுக்குள் குளிர்ந்த உப்புநீரைச் சுற்றவிட்டனர். நீர் குருதியில் கலப்பதில்லை. வெப்பம் மட்டுமே கைமாறுகிறது. என்ன அழகிய ஏற்பாடு!

பயன் யாது? 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இம்முறைக்கு ஆதரவாக நின்றன. 2013-லும் 2021-லும் வந்த பெரிய ஆய்வுகளோ வேறு கதை சொல்லின. 33 டிகிரிக்குக் குளிர்வித்தவர்கள், 36 டிகிரியில் வைக்கப்பட்டவர்களையோ, காய்ச்சல் வராமல் மட்டும் காக்கப்பட்டவர்களையோ விட அதிகமாகப் பிழைக்கவில்லை. கருவி தன் கடமையைச் செய்தது. நோயாளிக்கு நன்மை கூடவில்லை.

நம் நாட்டுக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்றுண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை, 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது மேல்நாடுகளில் ஏற்கப்பட்ட சிகிச்சை. அதனை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் ஆய்ந்து 2021-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காடு இறந்தனர். மற்றவர்களில் 31 விழுக்காடு. அங்கே காத்தது இங்கே காக்கவில்லை!

அப்படியானால் கருவியே வேண்டாம் என்பதா? இல்லை. பெருந்தமனி வளைவில் அறுவை செய்யும்போது இதய-நுரையீரல் எந்திரத்தின் வெப்பமாற்றி குருதியைக் குளிர்விப்பதால்தான் ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க முடிகிறது. தேவை இருக்குமிடத்தில் கருவி உயிர் காக்கிறது.

நண்பர்களே, நம் செயல்திட்டங்கள் கண்காட்சி மேசையோடு முடியலாகாது. வரைபடம் தீட்டுமுன் மருத்துவமனை வார்டுக்குச் செல்வோம்; இங்குள்ள நோயாளிக்கு எது வேண்டும் என்று கேட்போம். செய்து முடித்த பின், "இது பயன்படவில்லை" என்று ஆய்வு கூறினால் அதனை ஏற்கும் நெஞ்சுரமும் பெறுவோம். மலிவு என்பது கருவியின் சிறப்பு. பிழைத்த உயிரே பொறியாளனின் சிறப்பு.